நாலாம் மாடி அழுமூஞ்சி

இப்போதெல்லாம் எவனும் வேலையைச் செய்வதில்லை. செய்த வேலை பிடித்ததா என்று கேட்பதே வேலையாகப் போய்விட்டது. முடி வெட்டிக்கொள்ளப் போனால் ஒரு பக்க மீசை பாக்கி இருக்கும்போதே "அனுபவம் எப்படி சார் இருந்தது?" என்கிறான். பெட்ரோல் பங்கில் கேட்கிறான், பேங்கில் கேட்கிறாள். செருப்பு தைக்கக் கொடுத்தால் நட்சத்திரம் போடச் சொல்லி போனில் செய்தி வருகிறது. தொந்தரவு தாங்காமல் ஐந்து போட்டேன். செருப்பு மறுநாள் பிய்ந்துவிட்டது. நட்சத்திரம் ஐந்தும் அப்படியே மின்னிக்கொண்டிருக்கிறது.

நான் நாற்பத்தொரு வருஷம் லாரி ஓட்டினவன். சரக்கு போய்ச் சேர்ந்ததா, சேரவில்லையா, அவ்வளவுதான் கேள்வி. ஓட்டும்போது மனசு நிறைந்திருந்ததா என்று ஒருத்தனும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவனை வழியிலேயே இறக்கிவிட்டிருப்பேன்.

என் வீட்டுக்காரி படுத்திருந்த ஆஸ்பத்திரியில் இப்படிக் கேட்பதற்கென்றே ஒரு துறை இருந்தது. அதன் பெயர் பணியாளர் மனநிறைவுத் துறை.

அவள் ஆஸ்பத்திரிக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு திங்கட்கிழமை காலை, துணியை அலசிக்கொண்டே என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள். திட்டு பாதியில் நின்றது. திட்டைப் பாதியில் விடுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. என்னவென்று திரும்பிப் பார்த்தேன். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருக்க, சுவரோடு சரிந்துகொண்டிருந்தாள். பக்கவாதம் என்றார்கள். வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் போயின. உயிர் தப்பியதே பெரிது என்றார் டாக்டர். அவருக்கென்ன, அவள் பேச்சை அவர் கேட்டதில்லை.

நாலாம் மாடியில் கட்டில் கொடுத்தார்கள். முப்பத்திரண்டு கட்டில், பகலில் இரண்டு நர்ஸ். கூட ஒரு ஆள் காலை ஆறிலிருந்து இரவு எட்டு வரை இருக்கலாம். அந்த ஒரு ஆள் நான்தான். பையன் வேறு தேசத்தில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவான். "அப்பா, கவலைப்படாதீங்க. அந்த ஆஸ்பத்திரிக்கு நாலே முக்கால் ஸ்டார்" என்பான். எட்டு மணிக்கு வீட்டுக்குப் போய்க் கதவைத் திறந்தால் உள்ளே ஒரு சத்தமும் இருக்காது. லாரியில் இருந்த காலத்தில் நாள் கணக்கில் பேசாமல் இருந்திருக்கிறேன், அப்போது தெரியவில்லை. வீட்டில் ஒருத்தி பேசிக்கொண்டிருக்கிறாள் என்ற தைரியத்தில்தான் அப்படி வாயை மூடிக்கொண்டு இருந்தேன் போலிருக்கிறது.

இரண்டு நர்ஸில் ஒருத்திக்கு நான் வைத்த பெயர் மின்னல். வந்தாள் என்று பார்ப்பதற்குள் போயிருப்பாள். முப்பது வயது இருக்கும். எனக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் என் வீட்டுக்காரியைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வரும். நேராக உட்கார வைத்து அரைக் கரண்டிதான் ஊட்ட வேண்டும். தொண்டை ஏறி இறங்கியது தெரிந்த பிறகுதான் அடுத்த அரைக் கரண்டி. படுக்க வைத்துக் கொடுத்தால் நுரையீரலுக்குப் போய்விடும். ஊட்டுவதை நானே செய்வேன். திருப்புவதற்கு மட்டும் இரண்டு பேர் வேண்டும், இவள் கனமான பெண்பிள்ளை.

மின்னலுக்குப் பதினோரு மணிக்குப் பத்து நிமிஷம் டீ நேரம். அந்தப் பத்து நிமிஷத்தில் அவள் டீ குடிக்கப் போக மாட்டாள். எங்கள் கட்டிலுக்கு வந்து திரையை இழுத்துவிட்டு, இவள் தாடையைப் பிடித்துக்கொண்டு, "சொல்லுங்கம்மா... ம்மா... உதட்டைச் சேருங்க... ம்மா..." என்று பாடம் நடத்துவாள். பேச்சுப் பயிற்சிக்காரர் ஒருவர் உண்டு. வாரத்துக்கு ஒருநாள் வந்து தலையை ஆட்டிவிட்டுப் போவார். அது பத்தாது என்பாள் மின்னல்.

"தினம் பண்ணணும்பா. விட்டா மறந்துடும். நாக்கு வந்துட்டே இருக்கு, பாருங்க, நேத்தைவிட இன்னைக்கு நல்லா மடியுது."

"உனக்கு டீ?"

"ஆறிப்போன டீயை எப்பக் குடிச்சா என்ன?"

இருபதாம் நாள் இவள் தொண்டையில் ஏதோ கரகரத்தது. பழைய எஞ்சின் குளிரில் பிடிக்கப் பார்ப்பது போல ஒரு சத்தம். எனக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது அந்தப் பத்து நிமிஷம் ஒன்றுதான்.

இருபத்தோராம் நாள் காலை போனபோது மணியைக் காணவில்லை.

நர்ஸ் மேசைக்கு மேலே சுவரில் ஒரு சுவிட்ச் இருந்தது. அமுக்கினால் வார்டு முழுக்க மணி கேட்கும். முப்பத்திரண்டு திரையில் எந்தத் திரைக்குள் இருந்தாலும் நர்ஸ் வந்துவிடுவாள். இப்போது அந்த இடத்தில் ஒரு பலகை. மூன்று பொத்தான், மூன்று மூஞ்சி. ஒன்று சிரிக்கிறது, ஒன்று சும்மா இருக்கிறது, ஒன்று அழுகிறது. கீழே பொடி எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. நான் நாலாவது வரை படித்தவன், கண்ணாடியும் வீட்டில்.

தரை துடைக்கிற அம்மாவைக் கேட்டேன்.

"மணி எங்கம்மா போச்சு?"

"கழட்டிட்டாங்க. மணிச் சத்தம் சிஸ்டருங்களுக்கு மன உளைச்சல் குடுக்குதாம்."

"அப்ப ஆளைக் கூப்பிடணும்னா?"

"இதைத்தான் மாட்டியிருக்காங்க. அமுக்கிப் பாருங்களேன்."

யோசித்தேன். ஆபத்து இருந்தால் அழுகிற மூஞ்சி, சாதாரணம் என்றால் சும்மா இருக்கிற மூஞ்சி, ஒன்றும் வேண்டாம் என்றால் சிரிக்கிற மூஞ்சி. நல்ல ஏற்பாடுதான், சத்தமில்லாமல் எங்கோ விளக்கு எரியும் போலிருக்கிறது என்று நினைத்து, அழுகிற மூஞ்சியை ஓர் அமுக்கு அமுக்கினேன். சொல்லிவைத்தாற்போல் மின்னல் வந்தாள். அவள் பக்கத்துக் கட்டிலுக்கு ஊசி போட வந்தவள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? இரண்டு பேருமாக இவளைத் திருப்பிப் படுக்க வைத்தோம்.

அன்றிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் அழுதேன். வரவில்லை என்றால் மறுபடி அழுதேன். லாரி ஹார்ன் அடிப்பவன் ஒரே அடியோடு விடுவானா? பக்கத்துக் கட்டிலில் டீச்சரம்மா ஒருத்தி, கால் எலும்பு முறிந்து, எடை கட்டிக் காலைத் தூக்கித் தொங்கவிட்டிருந்தார்கள். அந்த அம்மாவுக்கு ஏதாவது வேண்டுமென்றாலும் நான்தான் போய் அழுவேன்.

இரண்டு நாள் கழித்து மனநிறைவுத் துறையிலிருந்து ஒரு அதிகாரியம்மா வந்தார். பேசினால் மயிலிறகால் தடவுவது போல இருக்கும். தடவின இடம் அரிக்கும்.

"சிஸ்டர், உங்க வலி எங்களுக்குப் புரியுது" என்றார் மின்னலிடம்.

"எனக்கு வலி இல்லையே மேடம்."

"அப்படித்தான் சொல்வீங்க. வலியை மறைக்கிறது வலியோட முதல் அறிகுறி. நேத்து ஒரே நாள்ல இந்த மாடியில இருபத்தெட்டு அழுகை பதிவாகியிருக்கு. மத்த மாடியெல்லாம் சிரிப்பு."

"மத்த மாடியில சிரிக்காட்டி கூப்பிட்டு உக்கார வெச்சுடுவீங்கன்னு பயம் மேடம்."

"பாத்தீங்களா, எவ்வளவு கசப்பு!" என்று அந்த அம்மா கையிலிருந்த பலகையில் குறித்துக்கொண்டார். "தினம் பதினோரு மணிக்கு மூச்சுப் பயிற்சி. கீழ கூடத்துல. ஒரு மணி நேரம்."

"பதினோரு மணிக்கு எனக்கு..."

"உங்க ஓய்வு நேரம்தானே? அதான் தேர்ந்தெடுத்தோம். வேலை கெடக்கூடாது பாருங்க."

அன்று பதினோரு மணிக்குத் திரை இழுக்கப்படவில்லை. இவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சு போனாலும் நேரக் கணக்கு போகவில்லை அவளுக்கு. நான் தாடையைப் பிடித்து "ம்மா சொல்லு" என்றேன். என் கை கிளட்ச் மிதிக்கிற கால் மாதிரி, பக்குவம் தெரியாது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் எழுந்து போய் அழுகிற மூஞ்சியை ஐந்து தடவை அமுக்கினேன்.

நான் அமுக்க அமுக்க அவர்கள் மின்னலைக் கூட்டிப் போனார்கள். அவர்கள் கூட்டிப் போகப் போக நான் அமுக்கினேன். இந்தச் சுற்று எனக்கு விளங்கவில்லை. ஆஸ்பத்திரியில் இத்தனை அவசரம் காட்டியும் ஆள் வரவில்லையே என்று ஆத்திரம்தான் வந்தது.

மூச்சுப் பயிற்சி பத்தாது என்று சிரிப்புப் பயிற்சி வந்தது. மதியம் ஊசி போடும் நேரத்தில் இரண்டு நர்ஸும் கூடத்தில் நின்று கையைத் தூக்கி ஹா ஹா என்று சிரிக்க வேண்டும். சத்தம் நாலாம் மாடி வரை கேட்கும். "பைத்தியக்கார ஆஸ்பத்திரியும் இதே கட்டிடத்துலயா இருக்கு?" என்று கேட்டார் டீச்சரம்மா. அப்புறம் நன்றிச் சுவர். தினம் மூன்று நன்றி எழுதி ஒட்டாமல் யாரும் வீட்டுக்குப் போகக்கூடாது. மின்னல் எழுதிவைத்ததை ஒட்டுவதற்கு முன் டீச்சரம்மாவிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். "லிஃப்ட்டுக்கு நன்றி, இன்று ஓடியது. கையுறைக்கு நன்றி, ஒன்று மட்டும் கிழிந்திருந்தது. எட்டாம் கட்டில் தாத்தாவுக்கு நன்றி, என்னைத் திட்டும்போது பெயர் சொல்லித் திட்டினார்." அதற்கு அவளுக்கு மனப்பான்மை வகுப்பு ஒன்று கூடுதலாகக் கிடைத்தது.

அப்புறம் ஓர் ஓய்வறை திறந்தார்கள். சாய்வு நாற்காலி, சுவர் முழுக்க அருவிப் படம், அருவிச் சத்தத்துக்கு ஒரு பெட்டி. சாவி துறையில் இருக்கும். வேண்டுமென்றால் இரண்டு நாள் முன்னதாக எழுதிக் கொடுக்க வேண்டும்.

"நாளன்னைக்கு எத்தனை மணிக்குக் களைப்பு வரும்னு எனக்கு எப்படி மேடம் தெரியும்?" என்று கேட்டாள் மின்னல்.

"திட்டமிட்டு வாழாததுதான் உங்க களைப்புக்கே காரணம்" என்றார் மயிலிறகு.

கடைசியில் நாலாம் மாடியைத் துயர மண்டலம் என்று அறிவித்தார்கள். ஊக்குநர்கள் என்று ஐந்து பேர் வந்து வார்டிலேயே உட்கார்ந்தார்கள். உட்கார மேசை வேண்டும் அல்லவா, நர்ஸ் மேசையை எடுத்துக்கொண்டார்கள். மின்னல் ஜன்னல் திட்டில் வைத்து எழுதினாள். முப்பத்திரண்டு நோயாளிக்கு இரண்டு நர்ஸ், இரண்டு நர்ஸுக்கு ஐந்து ஊக்குநர். நான் ஒருவரிடம் போய், "தம்பி, ஒரு கை குடேன், இவளைத் திருப்பிப் போடணும்" என்றேன்.

அவர் பதறிப்போனார். "நோயாளியைத் தொட எங்களுக்கு அனுமதி கிடையாது சார். நாங்க பணியாளரைத்தான் தொடுவோம். மனசளவுல."

ஐந்து பேரும் பார்த்துக்கொண்டிருக்க, நானே இவளைத் தோளைக் கொடுத்துத் திருப்பினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. அப்படியும் முதுகில் ஒரு இடம் சிவந்திருந்தது.

மறுநாள் ஜன்னல் திட்டில் எழுதிக்கொண்டிருந்த மின்னலிடம் சத்தம் போட்டேன்.

"ஏம்மா, நாள் பூரா அமுக்கறேன், ஒரு ஆள் எட்டிப் பாக்க மாட்டேங்கிறீங்க. விளக்கு எரியறது கண்ணுல படுதா இல்லையா?"

"எந்த விளக்குப்பா?"

"அந்த அழுமூஞ்சி."

பேனாவை வைத்தாள். பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நீங்களா?"

"பின்ன யாரு?"

"அய்யோ அப்பா... அது மணி இல்ல. வேலை முடிஞ்சு போகும்போது எங்க மனசு எப்படி இருக்குன்னு நாங்க அமுக்கிட்டுப் போறதுக்கு. நீங்க அமுக்கி, நான் அழுததா எழுதி, என்னைச் சிரிக்க வைக்கக் கூட்டிட்டுப் போறாங்க!"

திட்டுவாள் என்று நினைத்தேன். சிரிக்க ஆரம்பித்தாள். கூடத்தில் சொல்லிக்கொடுத்த சிரிப்பு இல்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"துணிக்கடையில வேலைக்கு எழுதிப் போட்டிருக்கேன்பா" என்றாள். "அங்க ரெண்டு பேருக்கு ஒரு ஸ்டூல் போட்டிருக்காங்களாம்."

இந்தப் பெண் போய்விட்டால் இவள் தாடையைப் பிடிக்க யார்? என்னால் வந்த வினை, நானே போய்ச் சொல்லித் தீர்த்துவிடுகிறேன் என்று மனநிறைவு இயக்குநரைப் பார்க்கப் போனேன்.

தரைத்தளத்தில் பெரிய அறை. நல்ல மனுஷர் மாதிரிதான் பேசினார். "உக்காருங்க ஐயா. இந்த நாற்காலி முதுகுக்கு ரொம்ப நல்லது. நர்ஸுங்களுக்குன்னு வாங்கினோம். அங்க போட்டா தேஞ்சிடும்னு இங்க பத்திரமா வெச்சிருக்கோம்."

"ஐயா, நாலாம் மாடியில அழுதது நர்ஸு இல்ல. நான்தான். மணின்னு நெனச்சு அமுக்கிட்டேன்."

"எத்தனை தடவை?"

"எண்ணலை."

"நாங்க எண்ணியிருக்கோம். பன்னெண்டு நாள்ல நானூத்தி ஆறு."

"அதை அழிச்சிடுங்க."

"அழிக்கிறதா?" பதறவில்லை, சிரித்தார். "நீங்க சொல்றது உண்மையாவே இருக்கலாம் ஐயா. ஆனா அந்த நானூத்தி ஆறை வெச்சுத்தான் ஒன்பது பேரைப் புதுசா எடுத்திருக்கோம். மேல போயிடுச்சு. மேல போன அழுகையைக் கீழ இறக்க விதிமுறையே கிடையாது."

"ஒன்பது நர்ஸா?"

"சே சே, ஊக்குநர்கள்."

"ரெண்டு நர்ஸு எடுத்திருந்தா போதுமே."

பச்சைக் குழந்தையைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். "இங்கதான் எல்லாரும் தப்புப் பண்றாங்க. நர்ஸைக் கூட்டினா வேலை குறையும். வேலை குறைஞ்சா களைப்பு குறையும். களைப்பு குறைஞ்சா மனநிறைவு தானா வந்துடும். தானா வர்ற ஒண்ணுக்கு ஒரு துறை எதுக்குய்யா, ஒரு இயக்குநர் எதுக்கு?" சொல்லிவிட்டுத் தான் சொன்னதைத் தானே ரசித்துத் தலையாட்டிக்கொண்டார்.

எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்லிப் பார்த்தேன். "ஐயா, நான் லாரி ஓட்டினவன். நெடுந்தூரம் போற வண்டியில தூக்கம் வந்தா மூஞ்சி கழுவலாம், பாட்டுப் போடலாம், பீடி பிடிக்கலாம். எதுவும் அரை மணிக்கு மேல நிக்காது. தூக்கத்துக்கு ஒரே மருந்து ரெண்டாவது டிரைவர். அவன்கிட்ட வண்டியைக் குடுத்துட்டுப் படுக்கணும்."

அவர் முகம் மலர்ந்தது. "அடடா! இன்னொரு தரம் சொல்லுங்க" என்று எழுதிக்கொண்டார். அப்பாடா, படிக்காதவன் பேச்சும் ஏறுகிறதே என்று எழுந்து வந்தேன்.

மூன்றாம் நாள் வார்டுச் சுவரில் பெரிய படம் ஒன்று ஒட்டினார்கள். சூரியன் உதிக்கிற சாலையில் ஒரு லாரி. டீச்சரம்மா படித்துக் காட்டினார்: "உனக்குள் உறங்கும் இரண்டாவது டிரைவரைத் தட்டி எழுப்பு!"

மின்னல் அதைப் பார்த்துவிட்டு, "எனக்குள்ள ஒருத்தி நின்னுட்டே தூங்குறா, இன்னொருத்தி வேறயா?" என்றாள்.

இனி ஒரே வழிதான். சும்மா இருக்கிற மூஞ்சியை அமுக்கிப் பார்க்கலாமா என்று கேட்டேன். வேண்டாம், அதற்கு அலட்சியம் என்று அர்த்தம், விசாரணை வைப்பார்கள் என்றாள். சரி என்று சிரிக்கிற மூஞ்சியை அமுக்கினேன். மனசில் ஒன்றும் இல்லாமல், டயருக்குக் காற்று அடிப்பது போல, ஒரு நாளைக்கு முப்பது சிரிப்பு.

நாலாம் நாளே ஊக்குநர்கள் மேசையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மூச்சு நின்றது, சிரிப்பும் நின்றது. பதினோரு மணிக்கு மின்னல் வந்து திரையை இழுத்தாள். இவள் கண் அன்றைக்கு இருந்த இருப்பை நான் சொன்னால் நம்பமாட்டீர்கள், கல்யாணத்தன்றுகூட என்னைப் பார்த்து அப்படி இல்லை. "ம்ம்ம்" என்று உதட்டைச் சேர்த்தாள். அதற்கப்புறம் வரவில்லை. ஆனாலும் உதடு சேர்ந்தது.

அந்தப் பத்து நிமிஷம் மூன்று நாள் இருந்தது.

நாலாம் மாடி மீண்டது வெற்றிக் கதையாகிவிட்டது. மயிலிறகு வந்து அறிவித்தார்: "மனசு நிறைஞ்ச ஒரு நர்ஸ், மனசு நிறையாத ரெண்டு நர்ஸுக்குச் சமம்னு எங்க ஆய்வு சொல்லுது. அதனால உங்க கூட இருக்கிற சிஸ்டரை மூணாம் மாடிக்கு மாத்துறோம். வாழ்த்துகள்!" அது மட்டுமில்லை. வியாழக்கிழமை பதினோரு மணிக்குக் கூடத்தில் பாராட்டு விழா. மின்னல் மேடையில் உட்கார வேண்டும். நோயாளியின் உறவினர் சார்பாக நான் இரண்டு வார்த்தை பேச வேண்டும்.

"செத்தாலும் வரமாட்டேன்" என்றேன்.

மயிலிறகு போன பிறகு மின்னல் என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "வந்துடுங்கப்பா. நீங்க பேசினதும் என்னை விட்டுடுறோம்னு சொல்லியிருக்காங்க. நீங்க வராட்டி வேற ஆளைத் தேடி, ஒத்திகை பார்த்து, மதியம் வரை இழுப்பாங்க. பத்து நிமிஷம். வந்து அம்மாவை உக்கார வெச்சுப் பாடம் பண்ணிடலாம்."

"வார்டுல யாரு இருப்பா?"

"ஒரு ஊக்குநரை உக்கார வெக்கிறாங்களாம்."

வியாழக்கிழமை இவள் தலையணையைச் சரிபண்ணி, டீச்சரம்மாவிடம் ஒரு கண் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன். கூடத்தில் இடமே இல்லை. மற்ற மாடி நர்ஸுகளையெல்லாம் கைதட்டக் கூட்டி வந்திருந்தார்கள். மின்னலுக்கு ஒரு ஜிகினா கிரீடம் வைத்திருந்தார்கள். அதற்குக் கீழே அவள் கண் மூடி மூடித் திறந்தது. கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் டிரைவர்களைப் பார்த்திருக்கிறேன், அந்தக் கண்.

இயக்குநர் பேசினார். "நண்பர்களே, களைப்பு என்பது உடம்பில் இல்லை. உடம்பில் இருந்திருந்தால் அதை டாக்டர்களிடம் விட்டிருப்போம். அது எண்ணத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் இந்தச் சகோதரி இரண்டு பேராக இருந்து அழுதார். இன்று ஒருவராக இருந்து சிரிக்கிறார். அடுத்த இலக்கு என்ன? யாருமே இல்லாமல் சிரிக்கிற ஒரு வார்டு! அதையும் அடைவோம்!"

கை தட்டினார்கள். எல்லாரும் தட்டினார்கள். இரண்டாவது வரிசையில் ஒரு முகம் தெரிந்தது. வார்டில் உட்கார வைக்கிறோம் என்று சொன்ன அதே ஊக்குநர், அவரும் தட்டிக்கொண்டிருந்தார்.

பத்து நிமிஷம் ஐம்பது நிமிஷமாகி என்னைக் கூப்பிட்டார்கள். கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். கண்ணாடி இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒலிபெருக்கியில் சொன்னேன்: "இந்தப் பொண்ணை வார்டுக்கு அனுப்புங்க. அங்க யாரும் இல்ல."

கூடம் அதிரக் கைதட்டல். "நர்ஸ் மீது நோயாளிகள் குடும்பம் வைத்திருக்கும் அன்பைப் பாருங்கள்!" என்றார் மயிலிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு. மின்னல் எழுந்தாள். தோளைப் பிடித்து உட்கார வைத்து மாலை போட்டார்கள். நான் மேடையை விட்டு இறங்கினேன். லிஃப்ட்டுக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். நாலு மாடியும் படியில் ஏறினேன்.

வார்டு கப்சிப்பென்று இருந்தது. டீச்சரம்மா என்னைக் கண்டதும் தலையைத் தூக்கப் பார்த்தார்.

"எங்கய்யா போயிட்டீங்க? உங்க வீட்டம்மா பேசினாங்க!"

"என்ன?"

"தண்ணின்னாங்க. சுத்தமா, எழுத்து எழுத்தா. தண்ணி. நான் முதல்ல யாரோன்னு பாத்தேன். மறுபடியும் தண்ணி. மூணு தடவ கேட்டாங்கய்யா. என் காலைத்தான் கட்டித் தொங்க விட்டிருக்கே, நான் என்ன பண்ணுவேன்? சிஸ்டர் சிஸ்டர்னு தொண்டை கிழியக் கத்தினேன். ஒருத்தரும் வரல. அப்புறம் நிறுத்திட்டாங்க."

நாற்பத்தைந்து நாள் கழித்து. யாரும் சொல்லிக்கொடுக்காத வார்த்தை.

தலையணை நழுவி இவள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. தூக்கி நேராக உட்கார வைத்தேன். அரைக் கரண்டி கொடுத்தேன். தொண்டை ஏறி இறங்கியது. இன்னொரு அரைக் கரண்டி. "இன்னொரு தரம் சொல்லு" என்றேன். "எனக்குச் சொல்லு. நான் வந்துட்டேன்ல." என்னைப் பார்த்தாள். சொல்லவில்லை. கோபமா, முடியவில்லையா, தெரியவில்லை. முன்பெல்லாம் கோபம் என்றால் பேசுவாள், அதனால் எனக்குக் கண்டுபிடிக்கிற பழக்கம் இல்லாமல் போய்விட்டது.

மின்னல் ஓடி வந்தாள். கழுத்தில் மாலை, கிரீடம் எங்கோ விழுந்திருந்தது. டீச்சரம்மா சொன்னதைக் கேட்டதும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மூணு தடவையா?" என்று மட்டும் கேட்டாள்.

அவள் பின்னாலேயே படக்காரரோடு இயக்குநரும் மயிலிறகும் வந்துவிட்டார்கள். விஷயம் தெரிந்ததும் இயக்குநர் கையைக் கூப்பினார்.

"விழா நடந்துட்டு இருக்கும்போதே! ஐயா, இதைவிடச் சான்று வேணுமா? பணியாளர் மனநிறைவு மேல வரைக்கும் பரவி, நோயாளி வாயைத் திறக்க வெச்சிருக்கு. என்ன வார்த்தை?"

"தண்ணி" என்றார் டீச்சரம்மா.

"அருமை. தேவையைத் தயங்காமக் கேக்குறாங்க."

"யாருகிட்டக் கேட்டா?" என்றேன் நான்.

"அது முக்கியம் இல்லைய்யா. கேட்டாங்க பாருங்க, அதான் முக்கியம். இதுல ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க. எங்க திட்டத்தாலதான் பேச்சு வந்துச்சுன்னு ரெண்டே வரி. கைநாட்டுன்னாலும் பரவாயில்லை."

மின்னல் கழுத்து மாலையைக் கழற்றி ஜன்னல் திட்டில் வைத்தாள். இவள் பக்கத்தில் உட்கார்ந்து தாடையைப் பிடித்தாள். "அப்பா, ஃபிளாஸ்க்ல வெந்நீர் தீந்துடுச்சு. போய் வாங்கிட்டு வாங்க. நான் இருக்கேன்" என்றாள். எவ்வளவு நேரம் இருப்பேன் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவர்கள் எல்லாரையும் வெளியே விட்டுத் திரையை இழுத்தாள்.

நான் ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு நடந்தேன். இயக்குநர் தாளோடு கூடவே வந்தார். "ஐயா, நல்ல காரியத்துக்குத்தானே கேக்குறோம். இதைப் படிச்சு நாலு ஆஸ்பத்திரி திருந்தும். பேச்சு வந்தது பொய்யா?"

"வந்தது நெசம்" என்றேன். "நீங்க சொல்றதுதான் பொய்."

"அப்ப எதனால வந்துச்சுன்னு நீங்களே சொல்லுங்க."

"தாகத்தால."

அவர் மேல்படியிலேயே நின்றுவிட்டார். அதையும் எழுதிக்கொள்ளலாமா என்று யோசித்தாரோ என்னவோ. நான் இறங்கினேன். மூன்றாம் மாடித் திருப்பத்தில் ஆள் இல்லை. எந்தக் குரலில் கேட்டிருப்பாள், பழைய குரலா, எஞ்சின் கரகரப்பா என்று நினைத்துப் பார்த்தேன். பிடிபடவில்லை. நின்று ஒருமுறை வாய்விட்டுத் "தண்ணி" என்று சொல்லிப் பார்த்தேன். என் குரல்தான் வந்தது. மேலேயிருந்து இயக்குநர் "ஐயா, கூப்பிட்டீங்களா?" என்றார்.

ஃபிளாஸ்க்கோடு கீழே இறங்கிப் போனேன்.